தைப்பட்டத்தில் வீட்டுத்தோட்டம்: வெயில் முதிரும் முன் காயையும் கீரையையும் வேரூன்ற வைக்கும் முறை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இருக்க மாட்டார்கள். மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்துக்கு அந்தச் சொல் முழுக்கப் பொருந்தும். ஆனால் வீட்டின் பின்புறம் கொஞ்சம் மண்ணும் ஒரு கிணறோ ஆழ்துளைக் குழாயோ உள்ளவருக்கு, தையும் மாசியும் ஆடிக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல என்பது பல ஆண்டுகளாகத் தோட்டம் போட்டுவரும் என் உறுதியான எண்ணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணின் அடியில் ஈரம் நின்று, கிணற்றில் நீர் மேலேறியிருக்கும் காலம் அது. மழைக்காலத்து அழுகல் நோய்கள் தணிந்திருக்கும். பகல் இதமாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருப்பதால் இளஞ்செடி வாடாமல் வேர் பிடிக்கும்.

நம் பெரும்பொழுதுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். உறைபனி விழும் நாடுகளில் வசந்தத்துக்காகக் காத்திருந்து, மண் சூடேறிய பிறகு விதைப்பார்கள். அந்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன. அதை அப்படியே பின்பற்றிப் பங்குனியில் நாற்று நடும் ஒருவர், மே மாதத்தில் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்துக்குள் அந்தச் செடிகளைக் காப்பாற்றுவதற்கே தம் உழைப்பு முழுவதையும் செலவிட நேரும். நானும் ஓர் ஆண்டு வீட்டில் திருமண வேலை இருந்ததால் பங்குனி நடுவில்தான் தக்காளி நாற்றை நட்டேன். செடி வளர்ந்தது, பூவும் நிறையப் பூத்தது, ஆனால் காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இளவேனிலில் காய் பறிக்க வேண்டுமானால் வேலையைத் தை மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். வேர் ஆழமாக இறங்கிய பிறகு வரும் வெயிலைச் செடி தாங்கிக்கொள்ளும். இங்கே சொல்லப்படுபவை சமவெளி மாவட்டங்களுக்கானவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் பருவம் வேறு.

இடமும் மண்ணும்

காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேர வெயில் தேவை. ஆனால் எந்த வெயில் என்பதைப் பார்க்க வேண்டும். காலை வெயில் செடிக்கு உணவாகிறது; மாசிக்குப் பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து அடிக்கும் வெயில் இலையைத் துவளச் செய்கிறது. ஆகவே கிழக்குப் பார்த்த இடத்தைக் காய்களுக்கு ஒதுக்கி, மேற்கு ஓரத்தில் பீர்க்கனுக்கும் பாகலுக்கும் பந்தல் போட்டுவிட்டால், அந்தப் பந்தலே மற்றச் செடிகளுக்குத் திரையாகிவிடும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள் செடிப்பைகளைத் தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல் செங்கல்லின்மேலோ மரச்சட்டத்தின்மேலோ ஏற்றி வைக்க வேண்டும். இல்லையெனில் தளத்தின் சூடு அடியிலிருந்து வேரைத் தாக்கும். கறுப்புப் பையாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு பழைய சணல் சாக்கைக் கட்டிவிடுவது நல்லது.

மண் தயாரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கோடைத் தோட்டத்தின் வெற்றி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. தை பிறந்தவுடன் மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, ஒரு வாரம் காயவிட வேண்டும். கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவைகளிடமும் அழியும். பிறகு சதுர அடிக்கு இரண்டு கைப்பிடி நன்கு மக்கிய தொழுவுரமும், செடி நடும் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலக்க வேண்டும். எரு மக்கிவிட்டதா என்பதைக் கையிலெடுத்து அறியலாம்: சூடு இருக்கக் கூடாது, சாண நாற்றம் போய் மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும், சாணத்தின் உருவம் தெரியக் கூடாது. மக்காத சாணத்தைப் போட்டால் மண்ணுக்குள் அது மக்கும்போது எழும் வெப்பம் வேரைக் கருக்கும். கறையானும் வந்து சேரும். பை, தொட்டிகளுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்ற கலவை பொருத்தமானது. நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படங்களில் அழகாகத் தெரிவதால் பலரும் இப்போது மேட்டுப்பாத்தி அமைக்கிறார்கள். மழைக்காலத்தில் நீர் தேங்காமல் வடிவதற்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் கோடையை நோக்கிச் செல்லும் பயிருக்கு நான்கு பக்கமும் காற்றும் வெயிலும் படும் மேடு விரைவில் காய்ந்துவிடும். தைப்பட்டத்துக்குச் சுற்றிலும் வரப்பு உயர்ந்து, நடுவில் நான்கு விரற்கடை பள்ளமான பாத்தியே சிறந்தது. ஊற்றிய நீர் ஓடாமல் உள்ளேயே இறங்கும். மண்ணின்மேல் பரப்பும் இலைதழை மூடாக்கும் காற்றில் பறக்காது.

எதை நேராக விதைப்பது, எதை நாற்று விடுவது

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் நாற்றுவிட்டு நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 40 முதல் 45 நாட்களிலும் நடவுக்குத் தயாராகும். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், மாசி முதல் வாரத்தில் மிளகாய் நட விரும்புபவர் மார்கழி மூன்றாம் வாரத்திலேயே விதை போட்டிருக்க வேண்டும். தக்காளியை இதைவிடவும் முன்னதாக, மார்கழித் தொடக்கத்தில் விதைத்துத் தை முதல் வாரத்தில் நட்டுவிட வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும் என்பதே இதற்குக் காரணம். காலம் தவறிவிட்டால் வருந்த வேண்டியதில்லை, நாற்றுப் பண்ணையில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது உயரமான நாற்றைத் தேடாமல், குட்டையாக, தண்டு தடித்து, இலை அடர்ந்து, பூ வைக்காத நாற்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். குழித்தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தால் வேர் வெண்மையாக இருக்க வேண்டும். பழுப்பேறிச் சுருண்டு கிடந்தால் அந்தத் தட்டே வேண்டாம்.

விதையைச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடியில் நேர்த்தி செய்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது பரிந்துரை. வீட்டளவுக்கு, விதையை ஆறிய வடிகஞ்சியில் நனைத்து, ஒரு சிட்டிகை பொடியில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். நாற்றை எடுத்து நடுவதை எப்போதும் மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். நட்ட செடிக்கு முதல் நான்கு நாள் தென்னங்கீற்றுத் துண்டையோ வேப்பங்கொத்தையோ மேற்குப் பக்கம் செருகி நிழல் கொடுத்தால் செடி துவளாமல் நிமிரும்.

வெண்டை, கொத்தவரை, காராமணி ஆகியவற்றுக்கு நாற்று தேவையில்லை. இவை வெயிலுக்கு அஞ்சாதவை. முதன்முறையாகத் தோட்டம் போடுபவர் இந்த மூன்றில் தொடங்குவதே நல்லது. வெண்டை விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் ஓரங்குல ஆழத்துக்குள், செடிக்குச் செடி ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்ற வேண்டும். இரண்டும் முளைத்தால் வலுக்குறைந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் மற்றதன் வேர் அசையும். விதைத்து 45ஆம் நாள் வாக்கில் முதல் காய் கிடைக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து வெண்டைச் செடிகளும் நான்கைந்து கத்தரிச் செடிகளும் போதுமானவை.

கத்தரியில் நாட்டு வகைகளைத் தேடி நடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியைப் போல ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் மண்ணுக்கும் நாவுக்கும் ஏற்ற கத்தரி உண்டு. உள்ளூர்ச் சந்தையில் கீரை விற்கும் பாட்டிமாரிடம் கேட்டால் விதை கிடைக்கக்கூடும். கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றைச் சமவெளியில் இப்போது தொட வேண்டாம். முள்ளங்கியைத் தை முடியும் வரை விதைக்கலாம்.

கொடிக்காய்களுக்கு விதையுறை கடினம். பாகல், பீர்க்கன், புடலை விதைகளை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை கண்டதும் ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும். கொடி ஏறும் முன்பே பந்தலைப் போட்டுவிட வேண்டும். முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டாம். அடியில் பிஞ்சுடன் வருவது பெண்பூ. தேனீ வராத மாடித் தோட்டங்களில் மகரந்தத்தை நாமே சேர்க்க வேண்டியிருக்கும். பூசணியும் பாகலும் அதிகாலையில் மலர்பவை, பீர்க்கனும் சுரையும் மாலையில் மலர்பவை. ஆகவே பூசணிக்குக் காலை எட்டு மணிக்குள்ளும் சுரைக்கு அந்தி வேளையிலும், அன்றைக்கு மலர்ந்த ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவே மெதுவாகத் தொட்டுத் தடவ வேண்டும். நேரத்தை மாற்றிச் செய்தால் பயன் இராது. புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக நீள, அதன் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றும் நன்றாகவே பயன்படுகிறது.

கீரையும் மணம் தரும் செடிகளும்

சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த 25 நாட்களுக்குள் பறிப்புக்கு வந்துவிடும். விதை மிகவும் சிறியது என்பதால் நான்கு பங்கு மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிதாக எருவைத் தூவி, பூவாளியால் மட்டும் நீர் தெளிக்க வேண்டும். குழாயை நேரே பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். எறும்பு விதையைச் சுமந்து செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவலாம். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைத்தால் வாரந்தோறும் கீரை இருக்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரற்கடை விட்டுக் கிள்ள வேண்டும். அது பல மாதங்களுக்குத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். கொடிப்பசலை வெயிலையும் தாங்கும், நிழலையும் தாங்கும். வேலியில் ஏற்றிவிட்டால் தனிக் கவனிப்பே தேவைப்படாது.

கொத்தமல்லியில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். கடையில் வாங்கும் முழு மல்லியை அப்படியே போட்டால் முளைப்பு குறைவாக இருக்கும். செருப்புக் காலால் மெதுவாகத் தேய்த்தோ உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்தியோ அதை இரண்டாகப் பிளந்து, சில மணி நேரம் ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க எட்டு முதல் பதினைந்து நாட்கள் ஆகும் என்பதால் அதற்குள் பாத்தியைக் கிளறிவிடக் கூடாது. மல்லிக்கு ஆணிவேர் உண்டு, எனவே பிடுங்கி நடுவது ஒத்துவராது. வெப்பம் ஏறியதும் இலை விடுவதை நிறுத்திப் பூவெடுக்கும் இயல்புடையது அது. ஆகவே மாசிக்குள் திறந்த இடத்தில் விதைத்து, பங்குனிக்குப் பிறகு 50 சதவீத நிழல்வலையின் கீழோ, பந்தலின் கீழோ சிறிது சிறிதாக விதைப்பதே வழி. வெந்தயக்கீரைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும், அது இன்னும் எளிது.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த காம்புகளாக நான்கைத் தேர்ந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் வேர் விடும். அகன்ற தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில், ஈரம் மாறாமல் வைத்தால் ஆண்டு முழுவதும் கிள்ளலாம். தரையில் நட்டால் அடுத்த பாத்திகளுக்குள் ஓடிவிடும். கற்பூரவல்லி இதற்கு நேரெதிர்: ஒடித்து நட்டால் போதும், அதிக நீர்தான் அதற்குப் பகை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் குளிக்கும் இடத்து நீர் ஓடாத, ஆனால் குழாயடி ஈரம் படும் நிழலில் செழிக்கும். கறிவேப்பிலையை விதையிலிருந்து வளர்ப்பவர், கறுத்துப் பழுத்த கனியைப் பறித்த ஓரிரு நாளில் தோலை நீக்கி விதைத்துவிட வேண்டும், காய்ந்த விதை முளைக்காது. முதல் இரண்டு ஆண்டுகள் அதை அதிகமாக ஒடிக்காமல் விட்டுவைத்தால் பின்னர் அது தலைமுறைக்கு நிற்கும். இஞ்சியும் மஞ்சளும் தைக்கு உரியவை அல்ல. அவற்றுக்கான கிழங்கை இப்போதே பத்திரப்படுத்தி, சித்திரைக் கடைசியில் கோடை மழை விழுந்ததும் ஊன்றலாம்.

நீரும் மூடாக்கும்

தினமும் மேலோட்டமாகத் தெளிக்கும் நீர், வேரை மேலேயே தங்கச் செய்து, பங்குனி வெயிலில் செடியைக் கைவிட்டுவிடும். ஆகவே நடவு முடிந்து பத்து நாள் ஆனதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக நனையும்படி ஊற்றி, வேரைக் கீழே இறங்கப் பழக்க வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கும் காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். பைகளும் தொட்டிகளும் இதற்கு விலக்கு, சித்திரையில் அவற்றுக்கு நாள்தோறும் நீர் தேவைப்படும். அதிகாலையே உகந்த நேரம். ஆழ்துளைக் கிணற்று நீரால் மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால், அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு எருவைச் சேர்க்க வேண்டும். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு விடலாம்.

மூடாக்கு இல்லாத கோடைத் தோட்டத்தை நான் தோட்டமாகவே எண்ணுவதில்லை. உதிர்ந்த வேப்பிலை, காய்ந்த புல், கரும்புச் சோகை, தென்னை மட்டைத் தூள் என எது கிடைத்தாலும் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். களையும் குறையும், ஈரமும் நிற்கும், பட்டம் முடியும்போது அதுவே எருவாகியிருக்கும். வெளியூர் செல்ல நேர்பவர்களுக்குப் பானைப் பாசனம் பேருதவி செய்யும். மெருகு பூசாத சிறு மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரத்தை நோக்கி வேர்கள் வந்து சுற்றிக்கொள்ளும். ஒரு பானையைச் சுற்றி மூன்று கொடிகளை ஊன்றலாம்.

பூச்சியும் நோயும்

காலையில் பத்து நிமிடம் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இருந்தால், பெரும்பாலான தொல்லைகளை மருந்தின்றியே முடித்துவிடலாம். சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினியையும் மாவுப்பூச்சியையும் நீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டும் வெப்பத்தோடு பெருகுபவை. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, பால்போல வெளுக்கும்வரை குலுக்கி, மாலையில் மட்டும், இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்தால் குணம் தெரியும்.

கத்தரியின் நுனித் தண்டு மட்டும் தலைகவிழ்ந்து வாடினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்கு ஓரங்குலம் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து அது காய்க்குள் இறங்கும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து கிடையாது; மனம் கேட்காவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். பாகல், பீர்க்கன் பிஞ்சுகளில் பழ ஈ முட்டையிடுவதைத் தடுக்க, பூ வாடியவுடன் பிஞ்சுக்குக் காகித உறை மாட்ட வேண்டும். வெம்பி விழுந்த காய்களைக் குப்பையில் போடாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

பறிப்பும் அடுத்த விதையும்

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனி பட்டென்று ஒடிவதே பதம். முற்றவிட்டால் நார் ஏறுவதோடு செடி புதிய காய் வைப்பதையும் குறைத்துக்கொள்ளும். கத்தரிக்காயைப் பளபளப்பு இருக்கும்போதே, காம்போடு நறுக்கி எடுக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் லிட்டருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யா கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் காய்ப்பு நீடிக்கும்.

வைகாசி நெருங்கும்போது, நோயின்றி நன்றாகக் காய்த்த செடி ஒன்றில் இரண்டு மூன்று காய்களுக்கு நூல் கட்டி விதைக்கு விட்டுவிட வேண்டும். வீரிய ஒட்டுரக (ஹைப்ரிட்) விதையிலிருந்து வந்த செடியில் இதைச் செய்வதால் பயனில்லை, தாயைப் போலப் பிள்ளை வராது. நாட்டு வகைகளில் மட்டுமே செய்ய வேண்டும். வெண்டையைச் செடியிலேயே காயவிட்டு, வெடிக்கும் முன் எடுக்கலாம். கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து நீரில் கரைத்து, மிதக்கும் விதைகளை நீக்கி, அடியில் தங்கியவற்றை மட்டும் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்த விதையை வகையின் பெயரும் மாதமும் எழுதிய சிறு கண்ணாடிப் புட்டியில் இரண்டு மூன்று காய்ந்த வேப்பிலையுடன் போட்டு, அடுப்பின் சூடு படாத அலமாரியில் ஆடி வரை வைத்திருக்கலாம்.